கடலுக்கு ஒரு பாதாளக்கரண்டி

மூழ்கிய கப்பலிலிருந்து வெள்ளி எடுக்கும் எந்திரக் கைகளை ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை? சந்தாபுராவுக்கு வந்த ஒரு கடிதம் கிளப்பிய கேள்வி

சந்தாபுராவுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஆனேக்கல்லுக்குத் திரும்பும் முனையில் இருக்கிற ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அலையைக் கண்ணால் பார்க்க ஒரு ராத்திரி பஸ் பயணம் வேண்டும். ஊருக்கென்று இருக்கும் ஏரியோ கழிவுநீரால் கெட்டுப்போய், 2022ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதிக்கக் காரணமானது.

இந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு கவருடன் வந்து நின்ற பக்கத்துத் தெரு அம்மாள் கேட்டார்: "சார், கடலுக்கு அடியில புதையல் எடுக்கிற வேலையாம். ரெண்டு லட்சம் கட்டச் சொல்றாங்க. நெஜமா இருக்குமா?"

மொழிபெயர்ப்பைத் தொழிலாக வைத்திருப்பவன் குடியிருக்கும் தெருவில், ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து பத்திரப் பதிவு வரை எல்லாக் காகிதமும் அவன் மேசைக்குத்தான் வரும். ஆனால் இப்படி ஒரு காகிதம் வந்ததில்லை. அம்மாளின் குடும்பம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. மகன் டிப்ளமோ முடித்துவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஹைட்ராலிக் பிரஸ்களைப் பழுது பார்க்கிறான். கடிதம் அவன் பெயருக்கு வந்திருந்தது. 'தொலைவிலிருந்து இயக்கும் நீரடி வாகன ஓட்டி' என்று பதவி. மூழ்கிய கப்பல்களிலிருந்து தங்கம், வெள்ளி எடுக்கும் பணி. சம்பளம் டாலரில். பயிற்சிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் ஆவணங்களுக்குமாக முன்பணம் இரண்டு லட்சம். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், யார் முதலாளி என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

அம்மாளின் கேள்விக்கு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அப்படி ஒரு வேலை உண்டு. அதைச் செய்து டன் கணக்கில் வெள்ளி எடுத்தும் இருக்கிறார்கள். அதில் ஒரு கப்பலின் பெயரே கர்நாடகத்துப் பெயர்.

முதலில் அந்த வாகனம் என்ன என்று அம்மாளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நல்லவேளையாகத் தமிழில் அதற்கு ஒரு மூதாதை இருக்கிறது: பாதாளக்கரண்டி. கிணற்றில் தண்ணீர் சேந்தி வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள். வாளியோ குடமோ கயிறு அறுந்து விழுந்தால், இதைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவுவார்கள். தெருவில் ஒரு வீட்டில்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில், இரவல் வாங்க வருகிறவர் ஈடாக ஒரு செம்பையாவது வைத்துவிட்டு எடுத்துப் போவது வழக்கம். அடியில் கொக்கி எதையோ தொட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. கயிற்றைப் பிடித்திருக்கும் விரலுக்குத்தான் தெரியும்.

அந்தக் கரண்டிக்குக் கண்ணும் விளக்கும் இரண்டு கைகளும் வைத்து, கயிற்றுக்குப் பதில் மின்சாரமும் படமும் போய்வரும் கேபிளைக் கட்டினால் அதுதான் ஆர்.ஓ.வி. என்கிற நீரடி வாகனம். ஒரு சின்ன வேன் அளவுக்கு இருக்கும். உள்ளே ஆள் கிடையாது. ஓட்டுகிறவர் மேலே, கப்பல் தளத்தில் வைத்த ஒரு கன்டெய்னர் அறைக்குள் திரைகளின் முன் உட்கார்ந்திருப்பார்.

கெர்சோப்பாவின் வெள்ளி

இனி அந்தக் கப்பல். உத்தர கன்னட மாவட்டத்தில் ஷராவதி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் கெர்சோப்பா. ஜோக் நீர்வீழ்ச்சியை வெள்ளைக்காரர்கள் கெர்சோப்பா அருவி என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயரைத் தன் கப்பல் ஒன்றுக்குச் சூட்டியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1919ல் கட்டிய, ஐயாயிரம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட சாதாரணச் சரக்குக் கப்பல்.

1940 டிசம்பரில் அது கல்கத்தாவை விட்டுக் கிளம்பியபோது ஏறக்குறைய 7,000 டன் சரக்கு உள்ளே இருந்தது. தேயிலை, வார்ப்பிரும்பு, அதோடு வெள்ளிக் கட்டிகள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய், சியரா லியோனின் ஃப்ரீடவுனில் மற்றக் கப்பல்களோடு அணிவகுப்பில் சேர்ந்தது. வடக்கே போகப் போகப் புயல். நிலக்கரி தீர்ந்துகொண்டு வந்தது. அணியோடு சேர்ந்து லிவர்பூல் வரை தாக்குப்பிடிக்காது என்று, அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் தனியே திரும்பினார் கேப்டன். 1941 பிப்ரவரி 16 அன்று ஒரு ஜெர்மன் விமானம் தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் போனது. அன்று நள்ளிரவையொட்டி யு-101 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. இருபது நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது.

எண்பதுக்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர் ஒரே ஒருவர், இரண்டாம் நிலை அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ். அவருடைய உயிர்காப்புப் படகில் ஏறியவர்கள் 31 பேர், பெரும்பாலோர் இந்தியர்கள். குளிரிலும் தாகத்திலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். பதின்மூன்றாம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் லிசார்ட் கரை தெரிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் சிலரே. கரையை நெருங்கையில் அலை படகைக் கவிழ்த்தது. பாறைக் கரையில் நின்று இதைப் பார்த்த சிறுமிகள் உதவிக்கு ஓடியதால் அயர்ஸ் மட்டும் கரையேறினார்.

வெள்ளிக்கு இன்ஷூரன்ஸ் செய்திருந்ததால் நஷ்டம் பிரிட்டிஷ் அரசின் தலையில் விழுந்தது. வெள்ளியின் உரிமையும் கூடவே வந்தது. கப்பல் கிடந்த ஆழமோ 4,700 மீட்டர்.  2010ல் பிரிட்டிஷ் அரசு ஒடிசி மரைன் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற அமெரிக்கக் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது. செலவும் ஆபத்தும் கம்பெனியுடையது. செலவு போக மிஞ்சும் மதிப்பில் 80 சதவீதம் கம்பெனிக்கு. 2011ல் சோனார் மூலம் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். 2012ல் நீரடி வாகனம் 1,218 கட்டிகளை மேலே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, நுழையவே கடினமான ஒரு சிறிய அறைக்குள்ளிருந்து மேலும் 1,574. மொத்தம் ஏறக்குறைய 100 டன். இவ்வளவு ஆழத்திலிருந்து அதுவரை யாரும் இத்தனை வெள்ளி எடுத்ததில்லை.

ஓட்டுவது பாதி, பழுது பார்ப்பது பாதி

4,700 மீட்டர் ஆழம் என்பதைச் சந்தாபுரா அளவில் சொன்னால், ஓசூர் சாலையில் இங்கிருந்து பொம்மசந்திரா தாண்டிப் போகும் தூரத்தை நிமிர்த்திச் செங்குத்தாக வைப்பது. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 470 கிலோ பாரம் உட்கார்ந்திருக்கும். வாகனத்தோடு ஒரு தெர்மாகோல் கப்பைப் பையில் கட்டி அனுப்பினால், திரும்பி வரும்போது விரல்நுனியில் மாட்டும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் நினைவுப் பொருள் பெரும்பாலும் இதுதான். டாலர் அல்ல, சுருங்கிய கப்.

இறங்கவும் ஏறவும் மணிக்கணக்கில் ஆகும். அடியில் சூரிய வெளிச்சம் என்பதே இல்லை. வாகனத்தின் விளக்கு எட்டுகிற சில மீட்டர்தான் உலகம். அதற்கு அப்பால் சோனார் காட்டும் நிழல்களை நம்ப வேண்டும். தரையில் பல நூற்றாண்டுகளாகப் படிந்த மாவு போன்ற சேறு. வாகனத்தின் விசிறிகள் ஒரு முறை வேகமாகச் சுழன்றால் போதும், சேறு கிளம்பித் திரை முழுக்கப் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். அப்போது ஓட்டி செய்யக்கூடிய ஒரே காரியம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் கப்பல் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படிச் சும்மா உட்கார்வது ஒரு தனித் திறமை. பதற்றக்காரர்கள் இதற்கு லாயக்கில்லை.

எந்திரக் கையை இயக்க, மேசைமேல் அதே கையின் பொம்மை வடிவம் ஒன்று இருக்கும். இங்கே இதன் மணிக்கட்டைத் திருப்பினால் அங்கே அது திரும்பும். இங்கே விரலை மூடினால் அங்கே கிடுக்கி மூடும். ஆனால் பாதாளக்கரண்டிக்காரனுக்கு இருந்த விரல் உணர்ச்சி இங்கே பெரும்பாலும் கிடையாது. பிடித்தது கட்டியா, துருப்பிடித்த தகடா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். தட்டையான திரையில் தூரமும் சரியாகத் தெரியாது. கிடுக்கியின் நிழல் பொருளின் மேல் எங்கே விழுகிறது என்று பார்த்துக் கணக்கிடப் பழகுகிறார்கள். முப்பத்தைந்து கிலோ வெள்ளிக் கட்டியை, உடைந்த இரும்புக்கு நடுவிலிருந்து, கேபிள் எதிலும் சிக்காமல் எடுத்து, கூடையில் வைக்க வேண்டும். அப்படி 2,792 தடவை.

ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். ஓட்டாத நேரத்தில் ஓட்டிக்கு ஓய்வு என்று நினைக்கக்கூடாது. வாகனம் மேலே வந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதன் வயிற்றுக்குள் போகிறவரும் அவர்தான். எண்ணெய்க் குழாய் கசிவு, கேமரா கண்ணாடி, மின் இணைப்புக்குள் புகுந்த உப்புத்தண்ணீர். அதனால்தான் இந்தப் பதவிக்குத் தொழில் வட்டாரத்தில் 'பைலட் டெக்னீஷியன்' என்று பெயர். எலெக்ட்ரானிக்ஸோ ஹைட்ராலிக்ஸோ மெக்கானிக்கலோ கைவசம் இல்லாதவரைச் சேர்க்க மாட்டார்கள். கடலில் விழும் ஹெலிகாப்டரிலிருந்து தப்பிப்பது உட்பட உயிர்காப்புப் பயிற்சியும் கட்டாயம்.

கடிதம் சொல்லாத இன்னொரு விஷயம், இந்த ஓட்டிகளில் மிகப் பெரும்பாலோர் ஆயுசுக்கும் புதையலைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது எண்ணெய்க் குழாய், எரிவாயுக் கிணறு, கடலடித் தந்திக் கம்பி. மும்பை ஹையிலும் கிருஷ்ணா கோதாவரிப் படுகையிலும் இதுதான் வேலை. புதையல் கப்பல் என்பது எப்போதோ ஒரு முறை வருகிற ஒப்பந்தம். வந்தாலும் ஓட்டிக்குக் கிடைப்பது நாள் கூலிதான், வெள்ளியில் பங்கு அல்ல.

வெள்ளியைவிடப் பெரியவற்றை இந்த வாகனங்கள் எடுத்திருக்கின்றன. 1985 ஜூன் 23ல் 329 பேருடன் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் வெடித்து விழுந்தது. அதன் கறுப்புப் பெட்டிகள் இரண்டும் ஏறக்குறைய 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. கடலடிக் கேபிள்களைப் பழுது பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட ஸ்காரப் என்ற வாகனம், ஒரு பிரெஞ்சுக் கேபிள் கப்பலிலிருந்து இறங்கி, ஜூலை இரண்டாம் வாரத்தில் அவற்றை எடுத்துவந்தது. நம் கரையிலும் நடந்தது. 2015 ஜூன் 8 இரவு மூன்று பேருடன் காணாமல்போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானத்தை, கடலூர், சிதம்பரம் கரைக்கு அப்பால் ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தது, ரிலையன்ஸ் நிறுவனம் எண்ணெய் வேலைக்கு வைத்திருந்த கப்பலின் நீரடி வாகனம். அந்தத் திரைகளின் முன் உட்கார்ந்தவர்கள் குழாய் பார்க்கப் பழகிய கண்காரர்கள்தான்.

அந்த ஆழத்துக்குப் போகும் வாகனம் நம்மிடமும் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையத்தின் ரோசப் 6000, 2010ல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை இறங்கியது. கெர்சோப்பா கிடந்த ஆழத்தைவிட அதிகம். ஆனால் அது தேடப் போனது வெள்ளியை அல்ல, கடலடிக் கனிமங்களை.

ஆள் உள்ளே இருந்த காலம்

இந்தத் தொழிலின் தாத்தாக்களையும் சொல்ல வேண்டும். 1922 மே மாதம் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த 'ஈஜிப்ட்' என்ற கப்பல், பிரான்சுக்கு அப்பால் மூடுபனியில் இன்னொரு கப்பல் மோதி மூழ்கியது. உள்ளே பத்து லட்சம் பவுனுக்கு மேல் மதிப்புள்ள தங்கமும் வெள்ளியும். சுமார் 130 மீட்டர் ஆழம், அந்தக் காலத்து முக்குளிப்பவர்களுக்கு எட்டாத ஆழம். ஆர்ட்டிக்லியோ என்ற கப்பலில் வந்த இத்தாலியர்கள் ஒரு வழி செய்தார்கள். கண்ணாடிச் சன்னல் வைத்த இரும்புக் கூட்டுக்குள் ஓர் ஆளை அடைத்து இறக்கினார்கள். அவர் சன்னல் வழியே பார்த்து, "இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், இறக்கு" என்கிற ரீதியில் டெலிபோனில் சொல்வார். மேலிருக்கிறவர்கள் இரும்புக் கவ்வியை இறக்குவார்கள். இடையில் 1930ல் வேறொரு சிதைவை வெடி வைத்துத் தகர்க்கும்போது, அதில் இருந்த பழைய வெடிமருந்து வெடித்து ஆர்ட்டிக்லியோவே மூழ்கியது. தலைமை முக்குளிப்பாளர் ஆல்பர்ட்டோ ஜானியும் தோழர்களும் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் இன்னொரு கப்பலுக்கு அதே பெயரை வைத்துக்கொண்டு திரும்பி வந்து, 1932 ஜூனில் முதல் தங்கத்தை எடுத்தார்கள். கூட்டுக்குள் இருந்த மனிதனைத் தூக்கிவிட்டுக் கேமராவை வைத்ததுதான் இன்றைய வாகனம்.

யாருடைய வெள்ளி?

எடுப்பதோடு கதை முடிவதில்லை. 2007ல் அதே ஒடிசி கம்பெனி ஒரு ஸ்பானியப் போர்க்கப்பலிலிருந்து ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை எடுத்தது. வழக்கில் தோற்று, 2012ல் பதினேழு டன்னையும் ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு 'திலாவா'. 1942 நவம்பர் 20ல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய பயணிகள் கப்பல். 23ஆம் தேதி ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 958 பேரில் 280 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிப் போன இந்தியர்கள். ஐந்து மாதம் கழித்து, மடகாஸ்கருக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டதும் இதே ஐ-29தான். வரலாறு சில சமயம் இப்படி முகத்தில் அடிக்கிறது.

திலாவாவில் தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிக்க வாங்கிய வெள்ளியும் இருந்தது. 2017ல் ஆர்ஜென்டம் என்ற பிரிட்டிஷ் கம்பெனி இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2,364 கட்டிகளை எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. எடுத்த கூலிக்காக வெள்ளியின் மீது வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் கம்பெனி பக்கம். 2024 மே மாதம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வெள்ளி வியாபாரத்துக்கான பயன்பாட்டில் இல்லை, ஆகவே ஓர் அயல்நாட்டு அரசின் சொத்தான அதன் மீது வழக்கு நிற்காது என்றது தீர்ப்பு. அத்தனை கோர்ட்டுகளிலும் பேசப்பட்டது வெள்ளி. இறந்த 280 பேருக்காக மும்பையில் ஒரு நினைவு நிகழ்ச்சி நடந்தது 2022ல், எண்பது ஆண்டுகள் கழித்து.

கெர்சோப்பாவிலும் அப்படித்தான். அதில் வேலை பார்த்த லஸ்கர்கள் எனப்படும் இந்திய மாலுமிகளின் ஊர்களில், அறுபது எழுபது வருடம் கழித்து வெள்ளி கிடைத்த செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். இரண்டாம் உலகப் போரில் கடலில் மாண்ட சுமார் 6,000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் இரண்டு புத்தகங்களில் இருக்கின்றன. ஒன்று மும்பையில், ஒன்று சிட்டகாங்கில். வெள்ளியைத் தேடிய வாகனத்தின் கண்ணில் வேறொன்றும் பட்டது: 700க்கும் மேற்பட்ட கடிதங்கள். 1940 கடைசியில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மற்றவர்களும் ஊருக்கு எழுதியவை. சேற்றுக்கடியில் காற்றுப்படாமல் அழுகாமல் கிடந்து, பக்குவப்படுத்தப்பட்டு, 2018ல் லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. எண்பதுக்கும் மேற்பட்டவர்களோடு போன கப்பலிலிருந்து வாசிக்கும்படியாக வந்து சேர்ந்தது அதுதான். லஸ்கர்கள் எழுதியது எதுவும் அந்தப் பைகளில் இருந்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக் கடலில் புதையலே இல்லையா என்று அம்மாளின் மகன் கேட்டான். இருக்கிறது. பூம்புகாருக்கு அப்பால் சுமார் இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. மீனவர்கள் காட்டிக்கொடுத்த இடம். தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் தொல்லியலாளர்கள் மூழ்கிப் பார்த்தார்கள். கிடைத்தவை ஈயக் கட்டிகள். 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. புதையல் வேட்டைக்காரனுக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். தொல்லியல்காரருக்கோ எந்த நாட்டுச் சரக்கு, எந்தக் காலம் என்று சொல்லும் முத்திரை.

கடிதத்துக்கு வருவோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் விதிகள்படி அவர் ஓர் ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும். இரண்டு லட்சம் என்ற எண்ணே போதுமான பதில். பதிவு எண்ணைக் கேட்டு ஒரு பதில் எழுதச் சொன்னேன். எழுதினான். பத்து நாள் கழித்து வந்த மறுமொழியில் எண் இல்லை. பணம் கட்டக் கடைசித் தேதி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

பணம் கட்டவில்லை. ஆனால் பையன் விடவில்லை. அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க பிரஸ் இருநூறு பார் பிரஷர்லயே சீல் போயிடுது சார். அங்க வெளியிலேயே நானூத்தி எழுபதுன்னா எண்ணெய்ப் பெட்டி எப்படி நசுங்காம இருக்கு?" என்று கேட்டான். புதையலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெட்டிக்குள் காற்றே இல்லாதபடி எண்ணெய் நிரப்பி, வெளி அழுத்தத்தை உள்ளேயும் கடத்தும் ரப்பர் சவ்வு ஒன்றை வைத்துவிடுகிறார்கள், உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்றால் நசுங்க ஏதுமில்லை என்று படித்ததைச் சொன்னேன். மேசையிலிருந்த என் கையெழுத்துப் பிரதியின் பின்பக்கத்தில் அதைப் படமாக வரைந்து பார்த்தான். சவ்வை நான் நினைத்த பக்கத்தில் போடாமல் வேறு பக்கத்தில் போட்டான். அவன் போட்டதுதான் சரி.

அம்மாள் அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடவில்லை. மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். படம் வரைந்த தாளை மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பொம்மசந்திராவுக்குக் கிளம்பிவிட்டான்.